‘சாதாரண’ சுபேதாரா?

கேள்வி: ஒரு சரித்திரக் கதையில் ‘அவன் சாதாரண சுபேதார்தான்’ என்று வருகிறது. முகலாயர் காலத்துச் சுபேதார் மாகாணத்தையே ஆண்டவர் அல்லவா? எது சரி? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?
– வேலூர் வாசகர்

பதில்: இரண்டும் சரி. ‘சாதாரண’ என்பதுதான் தவறு.

சுபா என்றால் மாகாணம். ‘தார்’ பாரசீக விகுதி. தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், தாசில்தார், மிராசுதார் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். நீங்கள் இந்தப் பத்திரிகையின் சந்தாதார் என்றால் உங்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்பர் 1580இல் தம் ஆட்சிப்பரப்பை 12 சுபாக்களாகப் பிரித்தார். 1663இல் புனேயில், நள்ளிரவில் புகுந்த சிவாஜியிடம் விரல்களைப் பறிகொடுத்துத் தப்பிய சாயிஸ்தகான் தக்காணத்துச் சுபேதார். அந்த அவமானத்துக்குப் பிறகு அவுரங்கசீப் அவரைத் தூக்கி அடித்த இடம் வங்காளம். அங்கேயும் சுபேதாராகத்தான்!

கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தை வைத்துக்கொண்டு மாகாணத்தைப் பிடுங்கிக்கொண்டது. சிப்பாய்ப் படையில் இந்தியர் எட்டக்கூடிய உயர்ந்த பதவிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. தலை நரைத்த சுபேதார், நேற்றுக் கப்பலை விட்டு இறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையனுக்குச் சலாம் வைக்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலை விட்டுவிட்டு, 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைத் ‘தலைப்பாகைக் கலகம்’ என்று சுருக்குகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் திரியில் விழுந்த பொறி. மருந்து பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. வெறும் தலைப்பாகைக்காகவா கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள்? முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஷேக் ஆதம். அவர் ஒரு சுபேதார். 1857க்கு 51 ஆண்டுகள் முன்னால் நடந்ததை வடக்கத்தியப் புத்தகங்கள் இன்றும் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. எனக்கு ஆறவில்லை.

சுபேதார் பதவி இன்றும் நம் ராணுவத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த கீழ்ப் பதவியான ஜமேதாரின் பெயரைத்தான் 1965இல் நாயிப் சுபேதார் என்று மாற்றினார்கள். சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார் என்று படிப்படியாக ஏறி அந்த இடத்துக்கு வருவதற்குள் ஒருவருடைய இளமை முழுவதும் எல்லையில் கரைந்துவிடும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்று பெயர் வாங்கிய ஊர். அங்கே ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ‘சாதாரண சுபேதார்’ என்று சொல்லிப் பாருங்கள்.