தி.நகரில் தேய்த்த கார்டுக்குத் திரும்பி வரும் பணம்

கேள்வி (2008 மே 30க்கு முன் கேட்டது; இதற்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது): 1997 முதல் நியூஜெர்சியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வருவோம். 2004இல் மகளின் காதுகுத்துக்கு தி.நகரில் 1,80,000 ரூபாய்க்கு நகை எடுத்து, இங்கே வாங்கிய விசா கார்டில் பணம் கட்டினோம். வெளிநாட்டுக் கார்டு கட்டணத்தைத் திருப்பித் தருவதாக இப்போது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இது மோசடியா? 25 டாலர் என்ற கட்டத்தில் டிக் செய்து அனுப்பிவிடலாமா? பழைய பில் ஒன்றும் கையில் இல்லை.

பதில்: மோசடி இல்லை. விசா, மாஸ்டர்கார்டு, டைனர்ஸ் கிளப் நிறுவனங்கள் மீதும் பெரிய வங்கிகள் சில மீதும் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் சமரசம் இது. மொத்தத் தொகை 33.6 கோடி டாலர். 1996 பிப்ரவரி 1 முதல் 2006 நவம்பர் 8 வரை, அமெரிக்காவில் வழங்கப்பட்ட கார்டுகளை வெளிநாட்டில் பயன்படுத்தியவர்களுக்கு உரியது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2008 மே 30.

அந்த நாட்களில் இந்தக் கார்டுகளை வெளிநாட்டில் தேய்த்தால், அந்தத் தொகையில் 1 முதல் 3 சதவீதம் வரை கட்டணமாகப் பிடித்தார்கள். பெரும்பாலும் அதைத் தனியாகக் காட்டாமல் டாலர் மாற்று விகிதத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பழைய ஸ்டேட்மென்ட்டைத் துழாவினாலும் அது கண்ணில் படாமல் போவது அதனால்தான்.

படிவத்தில் மூன்று வழிகள் உண்டு. முதல் வழியான 25 டாலரை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1 சதவீதம் என்றே வைத்தாலும் 25 டாலர் என்பது 2,500 டாலர் செலவுக்கான கட்டணம். உங்கள் நகை மட்டுமே அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4,000 டாலர். அதற்கு 1 சதவீதம் 40, 3 சதவீதம் என்றால் 120. இரண்டாவது வழியில் வெளிநாட்டில் இருந்த நாட்களைக் கேட்டு, சமரசப் பணத்தைப் பங்கிடும் நிர்வாகியே உங்கள் செலவை மதிப்பிடுவார். கார்டை எப்போதாவது மட்டும் தேய்த்தவர்களுக்கு அது பொருந்தும். ஒரே இடத்தில் பெரிய தொகை கட்டிய உங்களுக்கு, வருடவாரியாகச் செலவை எழுதும் மூன்றாவது வழிதான் சரி. ரசீது இணைக்க வேண்டாம், நேர்மையான மதிப்பீடு போதும். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துப் பயணத் தேதிகளை எடுங்கள். பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் நகை, துணி, ஹோட்டல், ஏடிஎம்மில் எடுத்த பணம் என்று எழுதிக் கூட்டுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். நியூஜெர்சியிலேயே டாலரில் வாங்கிய விமான டிக்கெட், ஊருக்கு வங்கி வழியாக அனுப்பிய பணம், மணி சேஞ்சரிடம் மாற்றிய ரொக்கம், இந்திய வங்கி தந்த கார்டு, இவை எதுவும் கணக்கில் வராது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இந்தச் சமரசத்தில் இல்லை. உங்கள் பழைய விசா கார்டுக் கணக்கை மூடிவிட்டீர்கள் என்றாலும் உரிமை போகாது.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "வாங்கித் தருகிறோம்" என்று கமிஷன் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். நோட்டீஸில் உள்ள கிளெய்ம் எண்ணைக் குறித்து, படிவத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டணமும் நிர்வாகச் செலவும் போக மீதியைத்தான் பங்கிடுவார்கள். ஆகவே கணக்கிட்டதைவிடக் குறைவாகவும் வரலாம். அப்பீல் வந்தால் காசோலை வர வருடங்கள்கூட ஆகலாம். இடையில் வீடு மாறினால் நிர்வாகிக்குப் புது முகவரியை எழுதித் தெரிவியுங்கள்.