முப்பத்தொன்று மட்டும் காத்திருக்க வேண்டாம், தம்பி

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வீடு. காலபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது வயலுக்குப் போன் வந்தது: மனைவிக்கு 32 கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. மகள். ஒரு கிலோ 600 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். "எட்டாம் மாதப் பிள்ளை தங்காது, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியட்டும், அதுமட்டும் ஊருக்குச் சொல்லாதை" என்கிறார் மாமி. கற்கண்டுகூட ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நேற்று நேர்ஸ், "சேட்டைக் கழட்டிப்போட்டு நெஞ்சிலை வைச்சிருங்கோ அப்பா" என்றார். நான் பயந்து வெளியே வந்துவிட்டேன். என்னையும் 1996 இடப்பெயர்வில், ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டிலுக்குள், மாதம் நிறையாமல்தான் அம்மா பெற்றவ. இந்த நேரத்தில் நான் சந்தோசப்படலாமா?

பதில்: தம்பி, மகள் பிறந்ததற்கு வாழ்த்துகள். இதை இன்னும் ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள் போல. அதுதான் முதலில் சொல்லிவிட்டேன்.

மாமியின் கதைக்கு வருவோம். "ஏழு தங்கும், எட்டுத் தங்காது" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. 2,000 வருடங்களுக்கு முந்திய கிரேக்க வைத்திய ஏடுகளிலும் இதே கதை இருக்கிறது. பழைய கதைதான், ஆனால் பிழையான கதை. வயிற்றுக்குள் கூடுதலாக இருந்த ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு லாபம். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கிற சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் 34, 35 கிழமையளவில்தான் போதியளவு சுரக்கும். பிரசவத்துக்கு முன் மனைவிக்கு ஊசி போட்டிருந்தால் அது அந்தக் காற்றறைகளுக்காகத்தான். 32 கிழமைப் பிள்ளைக்கு மூச்சுக்கும் சூட்டுக்கும் பாலுக்கும் கொஞ்ச நாள் துணை வேண்டும். அந்தக் கண்ணாடிப் பெட்டி அதற்குத்தான்.

உங்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. முதல் நாட்களில் நிறை குறையும். ஒன்றரைக் கிலோ என்று எழுதியிருப்பதைக் கண்டு நெஞ்சு இடிந்துபோய் நிற்காதீர்கள். பிறந்த நிறைக்குத் திரும்பி வர இரண்டு கிழமையளவு செல்லும். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் சேர்த்துச் செய்ய 34 கிழமையளவில்தான் பழகும். அதுவரை குழாயால் பால் போவது வழமை. முதல் நாட்களில் சுரக்கிற அந்தக் கடும்புப்பாலில் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. பால் எடுத்துக்கொடுக்கிற மனைவிக்கு நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், கொஞ்ச நித்திரை. அது உங்கள் பொறுப்பு. நெல்லை அண்ணன் தம்பி பார்த்து ஏற்றட்டும்.

இனி அந்த நெஞ்சுக் கதை. நேர்ஸ் உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை, அது வைத்தியம். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கார் ரேய் என்ற டொக்டர் நிறை குறைந்த பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பேர் வந்தது. பெட்டி தாராளமாக இருக்கிற நாடுகளும் பிறகு அதை எடுத்துக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2022 இல், பிறந்த கையோடு இதைத் தொடங்கச் சொன்னது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்திலிருந்து 24 மணித்தியாலம்வரை, முடிந்தளவுக்கு. தாய் களைத்துக் கிடக்கையில் தகப்பன் நெஞ்சும் அதே சூட்டைக் கொடுக்கும். கை படக்கூடாது என்பதில்லை, அழுக்குக் கைதான் படக்கூடாது. வயல் தூசியோடு போகாதீர்கள். குளித்து, முன்பக்கம் திறக்கிற சேட்டுப் போட்டு, கையை முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சிகரெட், பீடி இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தடிமன், இருமல் என்றால் அன்றைக்கு உள்ளே போகவேண்டாம். மகள் தவளைக்குஞ்சு மாதிரிக் கால் மடக்கி, உங்கள் நெஞ்சில் ஒரு கன்னம் பதித்துக் கிடப்பாள். முதல் பத்து நிமிடம் உங்களுக்குத்தான் மூச்சு நின்றுவிடும்!

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். முப்பத்தொன்று அவர் கணக்கு, தாராளமாகச் செய்யட்டும். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்தபிறகு சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த நுரையீரல் அதைத் தாங்காது. பார்க்க வருகிறவர்கள் முற்றத்தில் நின்று பார்க்கட்டும்.

பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புறப் படுத்துவிடும், உங்கள் பிள்ளை படுக்காது. அப்போது முந்திப் பிறந்த இரண்டு மாதத்தைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான், கழிக்கக்கூடாது. கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தேதி தருவார்கள். எந்த வெட்டு, எந்த விதைப்பு என்றாலும் அதைத் தவறவிடாதீர்கள்.

ஸ்கந்தபுரத்துக் கொட்டில் என்று எழுதினீர்கள். அங்கே உங்களை யார் நெஞ்சோடு வைத்திருந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வாட்டுக்குப் போகிற வழியில் கற்கண்டு ஒரு கிலோ வாங்குங்கள். வெட்டு மெஷின்காரப் பொடியனுக்கும் மறக்காமல் கொடுங்கள், அவன் நேற்றிலிருந்து கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பான்.