வாசகர் கேள்வி: ஹவாய்த் தீவில் ஒரு வாரம்

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் மகளுடன் ஹவாயின் பெரிய தீவுக்குச் செல்லவிருக்கிறேன். அங்கே எதை உண்பது, எதை வாங்குவது, எதைப் பார்ப்பது?
– வாசகி ஒருவர், குழித்துறை.

பதில்: நம் ஊர்ச் சேம்பங்கிழங்கையே அவித்து மசித்துச் செய்யும் ‘போய்’ என்ற களியை உண்டு பாருங்கள், சற்றே புளித்த அதன் சுவை முதலில் பிடிக்காமல் போகலாம், ஆயினும் பச்சைச் சூரைமீன் துண்டுகளால் ஆன ‘போக்கே’யைவிட அது உங்களுக்கு எளிதாகவே இருக்கும். வாங்க வேண்டியது அத்தீவின் கோனா பகுதியில் விளையும் கோனா காப்பிதான். ‘கலவை’ என்று அச்சிட்ட பொட்டலத்தில் வேறு இடத்துக் கொட்டைகளும் சேர்ந்திருக்கும் என்பதால், விலை கூடினாலும் ‘100 சதவீதம் கோனா’ என்று குறித்ததையே எடுங்கள். 1916-இல் தொடங்கப்பட்ட எரிமலைகள் தேசியப் பூங்காவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, கிலாவேயா எரிமலையைப் பாருங்கள். புனலுவூ கடற்கரையின் கருமணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலை நினைவூட்டும் என்றாலும், அது கடலில் பாய்ந்து சிதறிய எரிமலைக் குழம்பால் உண்டானது. அதில் ஒரு பிடிகூட அள்ளி வரக் கூடாது.