பள்ளிக்கூடத்தில் சீண்டல்: செட்டிநாட்டுப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

பள்ளி திறந்து சில வாரங்கள் ஆனதும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை. வேனில் பெரிய பையன்கள் ஏதோ செய்கிறார்களாம், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். இவனைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். (ஒரு தாய், காரைக்குடி)

வலி நடிப்பு இல்லை. பயம் குடலைப் பிசையும்; அது ஸ்கேனில் தெரியாது. இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். பேனா, பென்சில் அடிக்கடி தொலைகிறதா? டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வருகிறதா? வீட்டுக்குள் நுழைந்ததும் கழிவறைக்கு ஓடுகிறானா? பள்ளிக் கழிவறைக்குப் போகவே பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள், வாய் திறக்கமாட்டான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, இல்லையென்றால் இரண்டு பேரும் வெங்காயம் உரிக்கும்போது பேச்சுக் கொடுங்கள். ஒரு தாளில் வேனை வரையச் சொல்லுங்கள். யார் எந்த சீட், நீ எங்கே, முதலில் இறங்குவது யார் என்று கேளுங்கள். எந்த சீட்டுக்கு வரும்போது கை தயங்குகிறதோ அங்கேதான் விஷயம்.

சொல்ல ஆரம்பித்ததும் நீங்கள் பேசும் முதல் வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த தடவை உங்களிடம் வரலாமா வேண்டாமா என்று அவன் முடிவு செய்வான். "நீ என்ன பண்ணினே?" வேண்டாம். "நாளைக்கே வந்து உண்டு இல்லைன்னு பண்றேன்" அதைவிட மோசம், அடுத்த நாள் அவன் அதே வேனில்தானே போக வேண்டும்? "சொன்னது நல்லதுப்பா. உன் மேல தப்பில்லை. நான் எது செஞ்சாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இது போதும்.

அப்புறம் தேதி, இடம், நடந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். "உங்கள் பையனை வேறு வேனில் அனுப்புங்களேன்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இடம் மாற வேண்டியது அந்தப் பெரிய பையன்கள்.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேரனை ஒரு பையன் தினமும் அடிக்கிறான் என்றால், "திருப்பி அடிடா" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். பள்ளிக்கு நான் போகலாமா? (ஓர் அப்பத்தா, தேவகோட்டை)

தாராளமாகப் போங்கள் அம்மா. உங்கள் மகனிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். நார்வேயில் டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர் 1970களிலிருந்தே இதை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமில்லாதது, இந்த மூன்றும் இருந்தால் அது சாதாரணச் சண்டை இல்லை என்றார். மூன்றாவதுதான் முக்கியம். திருப்பி அடிக்க முடிந்த பிள்ளையாக இருந்தால் முதல் நாளே அடித்திருப்பான். முடியாதவனிடம் அடி என்றால், அடி வாங்கியதோடு அப்பாவையும் ஏமாற்றிவிட்டோம் என்ற பாரமும் சேரும்.

அவனுக்குத் தேவை கூட நிற்க ஒரு ஆள். கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த முடிவு 2001இல் வெளிவந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளை ஒருவர் குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பேரனுக்குப் பிடித்த இரண்டு பையன்களைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி ஆளுக்கு ஒரு பணியாரம் கொடுங்கள். அப்பா வாரம் ஒரு நாள் வீடியோ காலில் மார்க்கைக் கேட்காமல், "இன்னைக்கு யார் கூட விளையாடின?" என்று கேட்கட்டும்.

எட்டாம் வகுப்பு மகளோடு தோழிகள் காய் விட்டுவிட்டார்கள். மதியம் தனியாகச் சாப்பிடுகிறாள். டீச்சர் "சின்னப் பிள்ளைங்க சண்டை" என்கிறார். (கோட்டையூர்)

காய் விட்டால் இரண்டு நாளில் பழம் விட வேண்டும். ஒருத்தி சொல்லி மற்றவர்கள் பேசாமல் இருப்பது வாரக்கணக்கில் நீண்டால் அது ஒதுக்கிவைத்தல். அடியைவிட ஆழமாக வலிக்கும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் செய்யாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், அடுத்த கல்யாண வீட்டில் பெரியவர்கள் சண்டையாகிவிடும். இருக்கை மாற்றவும், குழு வேலையில் வேறு பிள்ளைகளோடு சேர்க்கவும் டீச்சரைக் கேளுங்கள். வகுப்புக்கு வெளியே பாட்டோ விளையாட்டோ, இன்னொரு வட்டம் அமைத்துக் கொடுங்கள்.

பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: என் மகன்தான் இன்னொரு பையனை நிறத்தையும் அவன் அப்பா பார்க்கும் வேலையையும் சொல்லிக் கேலி செய்கிறானாம். அவமானமாக இருக்கிறது. அடி பின்னிவிடலாம் போல் வருகிறது. (ஒரு தந்தை, புதுவயல்)

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் "என் பையன் அப்படிச் செய்யமாட்டான்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அடிக்காதீர்கள். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அவன் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறான், நீங்களும் அதையே நடத்த வேண்டாம்.

நிறமும் தொழிலும் 12 வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பவை அல்ல. பெண் பார்த்துவிட்டு வந்து "நிறம் கொஞ்சம் கம்மி" என்கிறோம். கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம், வேலைக்கு வரும் பெரியவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், எல்லாவற்றையும் முற்றத்தில் விளையாடிக்கொண்டே பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சு முதலில் வீட்டில் நிற்கட்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியைச் சொல்லிச் செய்த சீண்டல் தாங்காமல் அவன் அதற்கு முன்பே பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அதன்பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைப் பள்ளி அவிழ்க்கலாம், நாக்கில் இருப்பதை வீடுதான் அவிழ்க்க வேண்டும்.

மகனிடம் நடந்ததை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "சும்மா விளையாட்டுக்கு" என்றால், "அவனும் சிரிச்சானா?" என்று கேளுங்கள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் அது தண்டனை. ஆசிரியர் மட்டும் இருக்க, அந்தப் பையன் சம்மதித்தால் கேட்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியரிடம் நீங்களே விசாரியுங்கள்.

மகளின் போட்டோவை வாட்ஸ்ஆப்பில் ஸ்டிக்கராக்கி வகுப்பு குரூப்பில் போடுகிறார்கள். (கானாடுகாத்தான்)

அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பள்ளியில் காட்டுங்கள். போட்டோவை ஆபாசமாக மாற்றியிருந்தால் பள்ளியோடு நிறுத்தாமல் நேரே காவல்துறைக்குப் போங்கள், போக்சோ சட்டம் அதற்கும் உண்டு. மகளின் போனைப் பிடுங்காதீர்கள். போன் போய்விடும் என்று பயந்தால், அடுத்த முறை உங்களிடம் சொல்லவேமாட்டாள்.

பள்ளியை மாற்றிவிடலாமா? (பள்ளத்தூர்)

எழுத்தில் கொடுத்தும், கல்வி அதிகாரி வரை போயும் ஒன்றும் மாறவில்லை, பிள்ளையும் மாற விரும்புகிறது என்றால் மாற்றுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள்.