கொள்ளுத் தாத்தாவைப் பழைய பத்திரத்தில் தேடலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் தந்தை பெயருக்கு மேல் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1975-க்கு முன்பு எதுவும் வரவில்லை. பழைய பத்திரங்களைக் கொண்டு முன்னோரைக் கண்டறிய வழி உண்டா?

பதில்: உண்டு. கணினியில் ஏறாத காலத்துக்கு, உங்கள் ஊர் அன்று எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்ததோ அந்த அலுவலகத்தின் பதிவுகளில் நேரில் தேட வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, நிலம், வீடு பற்றிய ஆவணங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம், நகலும் பெறலாம். வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 3-ஆம் புத்தகத்தில் உள்ள உயிலுக்கு, எழுதியவர் இறந்த பிறகு எவரும் நகல் கேட்கலாம்.

பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என இரண்டு இருக்கும். நான் சொத்தையே முதலில் பிடிக்கச் சொல்வேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வரும். பெயரை மட்டும் நம்பித் தேடியவர்கள் தாத்தாவையும் அவருடைய தாத்தாவையும் ஒருவராக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். நிலமோ நகராது. ஆனால் சர்வே எண் மாறியிருக்கும் என்பதால், பழைய எண்ணைக் கிராமத்தின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

நகல் கைக்கு வந்ததும், சொத்து வாங்குபவர் அவசரமாகத் தாண்டிப் போகும் வரிகளை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவரின் தகப்பனார் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றோடு அக்காலப் பத்திரங்களில் சாதியும் இருக்கும். அடுத்து, சொத்து வந்த வழி: 'எனது பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்றிருந்தால் தந்தை வழி வந்தது, முந்தைய ஆவணத்தின் எண்ணும் ஆண்டும் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே உங்களுடைய அடுத்த மனு. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில் 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று வரும் பெயர்களையும் விடாதீர்கள். ஒரே நிலம் பாகமாகி இருந்தால் அந்த அண்டைக்காரர் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். தேதி 'விபவ வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருந்தால், அது 1869-ஆகவும் இருக்கலாம், 1929-ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுற்று என்பதால் முத்திரைத்தாளையும் பதிவு எண்ணையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே ஓர் ஆவணத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேளுங்கள். கிரயத்தில் இருவர் வருவார்கள் என்றால், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள், இறந்த சகோதரனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயார், ஜீவனாம்சம் ஒதுக்கப்பட்ட விதவைப் பெரியம்மா என்று குடும்பமே வரிசையில் நிற்கும். பெண்களின் பெயர் பழைய பத்திரங்களில் கிடைக்கும் அரிய இடங்களில் இதுவும் ஒன்று. பெரியவர்களின் வயது 'சுமார் 45' என்று குத்துமதிப்பாக இருக்கும். மைனர்களின் வயதை அதைவிட நம்பலாம் என்பது என் அனுபவம். பாகம் பிரிப்பதில் தகராறாகி வழக்குப் போயிருந்தால், பிராதுடன் இணைத்த வம்சாவளி நீதிமன்றத்தின் வழக்குக் கோப்பில் இருக்க வாய்ப்புண்டு.

எதுவும் அகப்படாவிட்டால் உங்கள் தேடல் தவறு என்று எண்ண வேண்டாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவது அன்று கட்டாயமில்லை; வாய்மொழியாகப் பாகம் பிரித்த குடும்பங்களும் ஏராளம். நிலமே இல்லாதவர்கள் இந்தப் புத்தகங்களில் சாட்சியாகவோ குத்தகைதாரராகவோதான் தலைகாட்டுவார்கள்.

உங்கள் நிலம் முன்பு இனாமாக, அதாவது மானிய நிலமாக, இருந்ததாக வீட்டில் பேச்சு இருந்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் விசாரித்துத் தயாரித்த அதில், அன்றைய அனுபவதாரரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதற்கெல்லாம் தனித்தனிப் பத்திகள் உண்டு. கிராமத்தின் பழைய பெயரையும் தாலுகாவையும் எழுதிக்கொண்டு போங்கள்; மாவட்டம் அன்று தஞ்சாவூர்.