குழிக்குள் இருப்பவரின் சம்பளம்

அன்புள்ள ஐயா,

தொல்லியலில் முதுகலை முடித்துவிட்டுத் தனியார் அகழாய்வு நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். கட்டுமானம் தொடங்கும் முன் நிலத்தைத் தோண்டிப் பதிவு செய்வது எங்கள் வேலை. மூன்று மாத ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர், வேறு அறை. மழை பெய்தால் சம்பளம் இல்லை. கேட்டால், "பிடித்த வேலைதானே செய்கிறாய்" என்கிறார்கள். பொறுத்துக்கொள்வதா, விலகிவிடுவதா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

பிடித்த வேலை என்றால் வாடகையும் சாப்பாடும் இலவசமாகிவிடுமா? அந்தப் பேச்சை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கட்டுபவரே அகழாய்வுச் செலவை ஏற்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான். அமெரிக்காவின் 1966 வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்தின் 1990 திட்டமிடல் வழிகாட்டுதல், ஐரோப்பாவின் 1992 வலேட்டா உடன்படிக்கை இவையெல்லாம் சேர்ந்துதான் உங்கள் வேலையையே உருவாக்கின. ஆனால் பணம் தருபவருக்கு வேண்டியது கட்டட அனுமதி. அதனால் குறைந்த தொகை கேட்கும் நிறுவனத்துக்கு டெண்டர் போகிறது. இயந்திர வாடகையையும் கரிமக் காலக்கணிப்புக் (கரி, எலும்பு போன்றவற்றின் வயதை ஆய்வகத்தில் கணிப்பது) கட்டணத்தையும் பெரிதாகக் குறைக்க முடியாது. அப்புறம் மிச்சம் பிடிக்க இருப்பது உங்கள் சம்பளம்தான்.

இதில் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமில்லை. மரத்தூண் நட்ட குழி ஒன்றை நினைத்துப் பாருங்கள். தூண் மக்கி மறைந்துவிட்டது, வெளிர் மண்ணில் கருத்த வட்டம் மட்டும் மிச்சம். வெயிலில் மண் காய்ந்தால் அந்த நிற வேறுபாடும் மங்கிவிடும். தண்ணீர் தெளித்து, விளிம்பைச் சுரண்டி, வரைந்து, படமெடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது. அந்த வட்டத்தைக் கண்ட ஒரே சாட்சி குழிக்குள் இருந்தவர். அவரைக் களைப்போடும் அவசரத்தோடும் வேலை செய்யவைத்தால் சான்றே போய்விடும். அறிக்கை எழுதும்போது அவர் ஒப்பந்தம் முடிந்து போயிருப்பார் என்பது இன்னும் கொடுமை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மழை நாளுக்கும் பயண நேரத்துக்கும் சம்பளம் உண்டா, தங்குமிடச் செலவு யாருடையது, அறிக்கையில் உங்கள் பெயர் வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். முட்டுக் கொடுக்காத ஆழக் குழியில் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. ஆழம் ஐந்து அடியை எட்டினாலே அமெரிக்க விதிகள் மண் சரியாமல் தடுப்பு கேட்பது அதனால்தான். உறுதியான பாறைக்கு மட்டுமே விலக்கு.

தனியாகக் கேட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற பயம் நியாயமானது. அதனால் கூட இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ப்ராஸ்பெக்ட் தொழிற்சங்கத்தில் தொல்லியலாளர்களுக்கென்றே கிளை இருக்கிறது.

அப்படியும் எதுவும் மாறாவிட்டால் விலகுங்கள், அது துரோகம் இல்லை. நில அளவை, வரைபட மென்பொருள், பதிவு ஒழுங்கு எல்லாம் வேறு துறைகளிலும் வேலை தரும். அடுத்த ஒப்பந்தம் வந்தால் கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்