எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தால் தொடரின் கதை என்னவாகும்? கேள்வி பதில்

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2007 நவம்பர் 5 முதல் 100 நாட்களும், 2023 மே 2 முதல் 148 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தது. அவற்றால் தொலைக்காட்சித் தொடர்களின் கதைகள் எப்படி மாறின என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: வேலைநிறுத்தம் தொடங்கிய மறுவாரமே கதை தடுமாறுமா?

பதில்: தடுமாறாது. எழுதி முடித்த எபிசோடுகள் கையிருப்பில் இருக்கும்வரை ஒளிபரப்பு நடக்கும். உடனே நின்றுபோவன இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகளே. ஓர் எபிசோடு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அது எப்போது எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே வேலைநிறுத்தத்தைக் குறை கூறுங்கள்.

கேள்வி: 'ஹீரோஸ்' இரண்டாம் சீசன் ஏன் பாதியில் முடிந்தது?

பதில்: 24 எபிசோடுகளாகத் திட்டமிடப்பட்ட சீசன் அது, 11 மட்டுமே வெளிவந்தன. கொடிய வைரஸ் வெளியே பரவி, அடுத்த பகுதி முழுவதும் அதன் விளைவுகளைச் சொல்வதாக இருந்தது. எழுத ஆளில்லாத நிலை வரும் என்று தெரிந்ததும், வைரஸ் பரவாமல் தடுக்கப்படுவதாக இறுதிக் காட்சிகளை மாற்றிப் படமாக்கி, கதையை அங்கேயே முடித்தார்கள். காலப் பயணம் செய்யக்கூடிய நாயகன் பீட்டர் எதிர்காலத்தில் விட்டுவிட்டு வந்த கேட்லின் என்ற பெண் என்ன ஆனாள் என்பதைத் தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை. எபிசோடுகள் குறைவதைவிட, பார்வையாளர் மனத்தில் எழுப்பிய கேள்வியை இப்படி அந்தரத்தில் விடுவதே பெரிய இழப்பு என்பேன்.

கேள்வி: 'பிரேக்கிங் பேட்' தொடரின் ஜெஸ்ஸி என்ற பாத்திரத்தைக் காப்பாற்றியது வேலைநிறுத்தம்தானே?

பதில்: இல்லை. முதல் சீசன் முடிவில் ஜெஸ்ஸியைக் கொல்லும் எண்ணம் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனுக்குத் தொடக்கத்தில் இருந்தது உண்மை. ஆனால் ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலின் நடிப்பைக் கண்டு, இரண்டாம் எபிசோடு படமான காலத்திலேயே மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: வேலைநிறுத்தத்தால் அந்த முதல் சீசனின் ஒன்பது எபிசோடுகள் ஏழாகக் குறைந்தனவே? அதற்கும் கதைக்கும் தொடர்பில்லை என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. படமாகாத இரண்டு எபிசோடுகளுக்கு யோசித்தவற்றை மறுபரிசீலனை செய்ய எழுத்தாளர்களுக்கு அவகாசம் கிடைத்தது. நாயகன் வால்ட்டரின் வீழ்ச்சி நிதானமாக நகர்ந்ததில் அந்த அவகாசத்துக்குப் பங்கு உண்டு. ஒரு பாத்திரத்தின் உயிரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஜெஸ்ஸி பிழைத்தது வேலைநிறுத்தத்தால் என்று எல்லாரும் எழுதுகிறார்களே?

பதில்: முந்தைய இரண்டு பதில்களையும் படியுங்கள்.

கேள்வி: 'அபாட் எலிமென்டரி' மூன்றாம் சீசனில் 14 எபிசோடுகள்தாமே?

பதில்: ஆம். எழுத்தாளர்களும் நடிகர்களும் 2023இல் செய்த வேலைநிறுத்தங்களால் அது 2024 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

கேள்வி: 'கிரேஸ் அனாடமி' இருபதாம் சீசனில் ஏன் பத்து மட்டும்?

பதில்: அதே காரணம்.

கேள்வி: நடிகர் சங்கத்தின் ஒப்பந்த விதிகளை விளக்குவீர்களா?

பதில்: அது வேறு சங்கம், அத்துறை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாதிப்பைச் சமாளித்த தொடர் எதுவும் இல்லையா?

பதில்: 'லாஸ்ட்' இருக்கிறது. நான்காம் சீசனுக்குத் திட்டமிட்ட 16 எபிசோடுகளில் எட்டு மட்டுமே வேலைநிறுத்தத்துக்கு முன் தயாராயின. மொத்தம் 14 ஆனது. ஆயினும் தொடர் எந்த ஆண்டில் முடியும் என்பது 2007 மே மாதமே அறிவிக்கப்பட்டிருந்ததால், எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுத்தாளர்களால் தீர்மானிக்க முடிந்தது. 'ஹீரோஸ்' தொடருக்கு அப்படி ஒரு முடிவு குறிக்கப்பட்டிருக்கவில்லை.